பழைய அம்பாசிடருக்கு வேறு இன்ஜின் வாங்குவதா, இருப்பதையே பிரித்துக் கட்டுவதா?

வண்டி புகை அடிக்கிறது. ஆயில் குடிக்கிறது. மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது. மெக்கானிக் பானெட்டை மூடிவிட்டு, "இன்ஜின் போயிடுச்சு" என்கிறார். கையோடு இரண்டு வழியும் சொல்கிறார். காயலான் கடையில் ஓடுகிற நிலையில் ஒரு இன்ஜின் பிடித்து ஏற்றிவிடலாம், இரண்டு நாள் வேலை. இல்லை, இருப்பதையே இறக்கிப் பிரித்துக் கட்டலாம், இரண்டு மாதம் ஆகும், காசும் கூடும். புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வழிக்குத்தான் தலையாட்டுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1978 அம்பாசிடர், மார்க் 3. பிரிட்டிஷ் நிறுவனமான பிஎம்சி வடிவமைத்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அது தளர்ந்தபோது ஒரு கடையில் "ரன்னிங் கண்டிஷன்" என்று சொன்ன இன்ஜினை வாங்கி ஏற்றினேன். நன்றாகத்தான் ஓடியது. சுமார் 600 கிலோமீட்டரில் அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றி, மூன்றாவது கன்ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மூடியைத் திறந்தோம். அதற்குள் உட்காரும் அரைவட்டத் தகடான பேரிங் ஷெல்லுக்குப் பின்னால் வெள்ளிநிறத்தில் ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டி எடுத்தால், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத்தாள். தேய்ந்த பேரிங் ஆடாமல் இருக்க, யாரோ அந்தத் தாளை மடித்து அண்டை கொடுத்து, மேலே கெட்டியான ஆயிலை ஊற்றி விற்றிருக்கிறார்கள். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில் அந்த இடம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. கடைசியில் என் பழைய இன்ஜினையே எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் இன்ஜின் சிலிண்டர்களைக் கடைந்து தரும் ஒரு போரிங் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் விலை எதுவும் பேசவில்லை. "தம்பி, மொதல்ல அளந்து பாத்தர்லாம். அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். அளந்து பார்க்கும்வரை எந்தப் பக்கமும் முடிவு எடுக்காதீர்கள். கீழே உள்ளதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரை மனதில் வைத்து எழுதியது. பிரீமியர் பத்மினியின் 1089 சிசி இன்ஜினுக்கும் அளவுகள்தான் மாறும், வழி இதேதான்.

முதலில்: இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

இறக்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். இழுவை இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், டைமிங், கார்புரேட்டர், டேப்பெட் இடைவெளி எல்லாம் சரியா என்று பாருங்கள். சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். ஆயில் பிரஷர் காட்டவில்லை என்றால் மீட்டரே பொய் சொல்லலாம், அல்லது ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். நன்றாக வேலை செய்யும் வேறொரு மீட்டரை மாட்டிப் பாருங்கள். இந்த இன்ஜினில் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. அளவிலும், ஐடிலிங்கில் 15 அளவிலும் நின்றால் கவலை வேண்டாம்.

புகையும் பேசும். மலை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று நீலப்புகை வந்தால் சந்தேகம் வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வ் கைடின் மேல். மேட்டில் மிதித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உட்துளையான போரும் தேய்ந்திருக்கின்றன. முதலாவதற்கு, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் முழு இன்ஜினையும் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கம்ப்ரஷன். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். வரும் எண்ணைவிட, நான்குக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். நான்கு எண்களையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

இரண்டாவது: இன்ஜினை இறக்கி, அளந்து பாருங்கள்

மேலே சொன்ன சோதனைகள் ரிங், போர், பேரிங் பக்கம் கைகாட்டினால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். செயின் பிளாக் கட்டி இறக்குவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுங்கள். கன்ராடுகளையும் அவற்றின் மூடிகளையும், மெயின் பேரிங் மூடிகளையும் எண் குத்தி அடையாளம் வையுங்கள். இவை ஜோடி மாறவே கூடாது. மாறினால் பேரிங் உட்காரும் வட்டம் சரியாக வராது.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே ஒரு படி விழுந்திருக்கிறது. ரிங் போய்வந்த இடம் தேய்ந்து, அது எட்டாத மேல்பகுதி பழைய அளவிலேயே நிற்பதால் வரும் படி அது. எவ்வளவு பெரிய படி என்பதைப் போர் கேஜ்தான் சொல்லும்.

இங்கே சில எண்கள் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் போர் 2.875 அங்குலம், அதாவது 73 மில்லிமீட்டர் சொச்சம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.5 அங்குலம். கிராங்கின் மெயின் ஜர்னல் (மெயின் பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி) 2 அங்குலம், மொத்தம் 3 மெயின் பேரிங். பட்டறையில் "இருபது", "நாற்பது" என்று பேசுவார்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 20 பங்கு, 40 பங்கு என்று அர்த்தம். போரை "நாற்பது" அடித்தால் ஓட்டை 40 பங்கு பெரிதாகிறது, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வேண்டும். கிராங்கை "இருபது" கிரைண்ட் செய்தால் ஜர்னல் 20 பங்கு சிறிதாகிறது, அதற்கேற்ற தடித்த பேரிங் வேண்டும்.

உங்கள் கிராங்க் இதற்கு முன் எத்தனை முறை பட்டறை ஏறியது என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. பேரிங் ஷெல்லைக் கழற்றி முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் என்றோ, 010, 020, 030 என்றோ அச்சடித்திருக்கும். 40க்கு வந்துவிட்ட கிராங்கை மேலும் கடைய நான் துணிய மாட்டேன்.

மூன்றாவது: எப்போது எந்தப் பக்கம் சாய்வது

போர் தேய்ந்திருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் யோசிக்கவே வேண்டாம், உங்கள் இன்ஜினையே கட்டுங்கள். கடைசி அளவுவரை போர் அடித்தாயிற்று என்றாலும், சிலிண்டர்கள் அமைந்த பிளாக் செத்துவிடவில்லை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது இரும்புக் குழாயை இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். "போர் முடிஞ்சுது, பிளாக்கைத் தூக்கிப் போடு" என்று யாராவது சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

கிராங்க் போய்விட்டது, பிளாக் நன்றாக இருக்கிறது என்றால், நல்ல கிராங்க் மட்டும் தேடுங்கள். முழு இன்ஜின் தேவையில்லை. ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு என்றாலும் அப்படியே, ஹெட் மட்டும்.

பிளாக்குக்கே ஆபத்து வரும் இடங்கள் மூன்று: கன்ராட் உடைந்து பக்கச்சுவரைப் பிளந்தது, தண்ணீர்ப் பாதையில் வெடிப்பு, மெயின் பேரிங் சுழன்று அது உட்காரும் வட்டமே கெட்டது. கடைசியானதை, அந்த வட்டங்களை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடையும் லைன் போரிங் கடைகளில் சில சமயம் காப்பாற்றலாம். மற்ற இரண்டுக்கும் வேறு பிளாக்தான் நல்லது. பழைய இன்ஜின் தேடிப் போக வேண்டிய உண்மையான காரணம் இதுதான்.

காசை வைத்து முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய இன்ஜினின் விலையையும் கட்டும் செலவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் பழையதுதான் எப்போதும் மலிவாகத் தெரியும். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரிக்காமல் யாருக்கும் தெரியாது. அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்றுபோனது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் என்று இன்று கிடைப்பது அதைவிடவும் பழையது, பல கை மாறியது, பெரும்பாலும் ஒருமுறையாவது பிரிக்கப்பட்டது. ஆகவே அதை வாங்கும் விலையோடு கட்டும் செலவையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். பிரித்துக் கட்டுவதற்கான நல்ல பிளாக்கும் கிராங்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

நான்காவது: பழையதுதான் வாங்க வேண்டும் என்றால்

பழைய வண்டி பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டை எல்லோரும் அறிந்த இடம். மற்ற ஊர்களிலும் உடைக்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் தரையில் கிடக்கும் இன்ஜினைவிட, இன்னும் வண்டிக்குள் இருக்கும் இன்ஜின் எப்போதும் மேல். உடைப்பதற்காக விற்கப்படும் முழு வண்டி கிடைத்தால் அதையே பாருங்கள். நீங்கள் போவதற்கு முன் யாரும் ஸ்டார்ட் செய்து சூடாக்கிவைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதத்தில்தான் அதன் வயது தெரியும்.

எந்த இன்ஜின் என்பதையும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். 1990களில் வந்த அம்பாசிடர்களில் 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜினும் 5 கியர் பெட்டியும் இருந்தன. அது நல்ல இன்ஜின், சந்தேகமில்லை. ஆனால் பழைய வண்டியில் அப்படியே உட்காராது. மவுண்டிங், கியர் பெட்டி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். 1489 சிசியிலேயே டீசலும் உண்டு, பார்வைக்குக் கூடப்பிறந்தது போலவே இருக்கும், பெட்ரோல் வண்டிக்கு ஆகாது.

தரையில் கிடப்பதைத்தான் வாங்க முடியும் என்றால், பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். கிராங்க் புல்லியைக் கையால் சுழற்றுங்கள், முழுச் சுற்று வர வேண்டும். ஆயில் சம்ப்பைக் கழற்றி, ஒரு கன்ராட் மூடியையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள். ஷெல்லின் முதுகு எண்ணைப் பாருங்கள், ஜிகினாத்தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் நிரப்பும் வாயில் விரல் விட்டு எடுத்தால் காபி நுரை நிறத்தில் பசை வந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்கு அடியில் லேசாக ஆயில் கசிவது இந்த இன்ஜினின் பிறவிக் குணம். கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் மரை போன்ற ஒரு வெட்டு மட்டும்தான். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் சரி, ஒழுகினால்தான் கவனிக்க வேண்டும்.

பணம் கொடுக்கும்போது இன்ஜின் எண் குறிப்பிட்ட பில்லும், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்குங்கள். எண் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடம் இருந்தால் அந்த இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள்.

ஐந்தாவது: காகித வேலை

இதை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள், அப்புறம் அலைகிறார்கள். உங்கள் பிளாக்கையே கட்டினால் ஆர்.சி.யில் ஒன்றும் மாறாது. வேறு பிளாக் ஏறினால் இன்ஜின் எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே போய் விசாரித்து அனுமதி வாங்கிவிடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். எண் ஒத்துப்போகாத வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பதிவுப் புதுப்பிப்பு பெரிய தலைவலி.

இன்னொரு விஷயமும் உண்டு. 2021ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை "விஏ" எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. என் வண்டிக்கு 2028ல் 50 வயது. அன்றைக்கு அப்பா ஓட்டிய அதே எண்ணுள்ள இன்ஜின் அதில் இருக்கும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. நீங்கள் வேறு இன்ஜின் ஏற்றினாலும் பழைய பிளாக்கை விற்காதீர்கள். ஆயில் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, மரப்பலகை மேல் வையுங்கள்.

ஆறாவது: கட்டுவது என்று முடிவானால்

பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போர் அடிக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். "நாற்பது அடித்துவிட்டேன், நாற்பது பிஸ்டன் வாங்கிட்டு வாங்க" என்று கடைக்காரர் சொல்லி, அந்த அளவு ஊரெங்கும் கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் நின்ற கதைகள் ஏராளம். முதலில் எந்த அளவு கிடைக்கிறது என்று தேடுங்கள். பிஸ்டன் செட்டைக் கடையில் கொடுத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்குத் தக்க போர் அடிக்கச் சொல்லுங்கள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இதே முறைதான். பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் சென்னையிலும், பேரிங் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் கோவையிலும் இருக்கும் நம் ஊர் நிறுவனங்கள். பழைய ஸ்டாக் வைத்திருக்கும் உதிரிபாகக் கடைகளில் அலுக்காமல் கேளுங்கள்.

பிளாக் கடைசலுக்குப் போகும் முன் அதன் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் தகட்டு மூடிகளை எடுத்துவிட்டு, உள்ளே தண்ணீர்ப் பாதையைக் கம்பியால் குத்திக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓடிய வண்டி என்றால் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றி உப்பும் துருச்சேறும் கட்டியாக இறுகியிருக்கும். என் பிளாக்கிலிருந்து ஒரு சொம்பு நிறையச் செம்மண் போல வந்தது. அத்தனை வருடம் அது சூடானதற்குக் காரணம் அதுதான்.

ஹெட்டில் ஒரு வேலையை மறக்காதீர்கள். அந்தக் காலத்து ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி இந்த ஹெட்டைச் செய்தார்கள். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். வார்ப்பிரும்பிலேயே வெட்டிய எக்ஸாஸ்ட் சீட் (எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடம்) மெல்ல மெல்லத் தேய்ந்து உள்வாங்கும். கடினமான தனி சீட் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை தீரும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது என்பதால் பெட்ரோல் ஹோஸ்கள், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் அதைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். ஆயில் பம்ப், டைமிங் செயின், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஆகியவற்றையும் அளந்து பாருங்கள். கேமை மாற்றினால் டேப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைசலில் இருந்து வந்த பிளாக்கில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் இருக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு போர்களைக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுக்காமல் வரும்வரை கழுவுங்கள். ஆயில் ஓடும் துளைகளில் காற்று அடித்து ஊதுங்கள். உடனே ஆயில் தடவிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் துரு பூக்கும்.

ஏழாவது: முதல் 1000 கிலோமீட்டர்

முதன்முறை ஸ்டார்ட் செய்யும் முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். 20டபிள்யூ-50 ஆயில் போதும். கேமும் டேப்பெட்டும் புதிது என்றால், கிளம்பியதும் ஐடிலிங்கில் விடாமல் 2000 ஆர்.பி.எம். அளவில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பிரஷரையும் சூட்டையும் பாருங்கள். நாங்கள் அன்றைக்கு மூன்று பேர் நின்றோம், யாரும் பேசவில்லை.

அதன் பிறகு ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மேனுவலில் உள்ள வரிசைப்படி, டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி இறுக்கி, டேப்பெட் பாருங்கள். 1000 கிலோமீட்டர்வரை 60க்கு மேல் போகாமல், அதே சமயம் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டாப் கியரில் திணறவிடாதீர்கள். 500ல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலில் காந்தம் விட்டுப் பாருங்கள், முதல் முறை கொஞ்சம் தூள் ஒட்டத்தான் செய்யும்.

1000 முடிந்ததும் மறுபடி நான்கு பிளக்கையும் கழற்றி, கம்ப்ரஷன் பார்த்து, முன்பு எழுதிய நான்கு எண்களுக்கு நேராக இந்த நான்கையும் எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே பக்கத்தில் அடுத்த வரி சேர்த்தால் போதும்.